சூடு என்று பெயர் வைத்தவர்கள்

தஞ்சாவூர்
செப்டம்பர் 3, 2024

அண்ணி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. என் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் ஷமா போன வாரம் மாயவரம் போய்விட்டுத் திரும்பும்போது குத்தாலத்தில் பஸ் நின்றிருக்கிறது. இறங்கி, எதிரே இருந்த உங்கள் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து என் மேசையில் வைத்தாள். சிரிக்கக் கூடாது என்று அவள் பட்ட பாட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"கர்ப்பக் குளிர்ச்சிச் சூரணம்." அதன் கீழே: "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உடல் சூடே காரணம் என்கிறார் தஞ்சை ஆராய்ச்சியாளர் முனைவர் மு. செம்மொழி." என் பெயருக்கு முன்னால் நிற்கும் அப்பாவின் முதலெழுத்தைக்கூட அண்ணன் விட்டுவைக்கவில்லை.

நான் ஜூன் மாதம் கும்பகோணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேசினேன். அது பேப்பரில் வந்தது. இந்தப் புற்றுநோயில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்பவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று சொன்னேன். அண்ணன் 'வெப்ப' என்பதைப் படித்ததும் பேப்பரை மடித்துவிட்டுக் கடுக்காய் இடிக்கப் போய்விட்டார் போலிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள்கூட மூன்றாவது சொல்வரை வந்து சேருவார்கள்.

அவருக்கு எழுதினால் என் கடிதத்திலும் பொட்டலம் மடிப்பார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களோடு பேச எனக்கு ஆசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா திவசத்தன்று, தமிழ்நிலாவுக்கு இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமிக்கான தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு அவர் இலையை விட்டு எழுந்தார். நீங்கள் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, "பொண்ணு பெரியவளாயி ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள அவ ஒழுக்கத்துக்கு ஊசியா?" என்று கேட்டீர்கள். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை.

என் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புகார் கொடுப்பேன்.

செம்மொழி

*

குத்தாலம்
11.9.2024

செம்மொழிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணன் என் போனிலும் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். அதை எடுத்துவிட எனக்குத் தெரியும். எடுக்க மனம் வரவில்லை.

படித்த பெண் நீ. ஒன்று கேட்கிறேன். அந்தப் புரதத்துக்கு வெப்பம் என்று பெயர் வைத்தது யார்? உன் அண்ணனா? குத்தாலம் கடைத்தெருவில் கூட்டம் போட்டு வைத்தார்களா? உங்கள் ஆட்கள்தானே வைத்தீர்கள். வெப்பம் என்று பெயரும் வைப்பீர்கள், வெப்பம் என்று நாங்கள் புரிந்துகொண்டால் சிரிக்கவும் செய்வீர்கள்.

பொட்டலம் நன்றாகப் போகிறது. வாங்குகிறவர்கள் எல்லாம் மூளை இல்லாதவர்கள் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போனால் புடவையைத் தூக்கிக்கொண்டு மேசைமேல் படுக்கச் சொல்கிறார்கள். உன் அண்ணன் ஒன்றும் கேட்காமல் பொட்டலம் தருகிறார். அவள் எங்கே போவாள்? நீ மேடையில் பேசுவதை ஒருத்தியாவது கேட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாளா?

பெயரை எடுக்கச் சொன்னேன். "அவ எனக்குத் தங்கச்சிதானே, பேருல பாதி எனக்கும் உண்டு" என்கிறார். நீங்கள் அண்ணனும் தங்கையும் எதையோ பங்கு போட்டுக்கொள்ளுங்கள். என்னை இழுக்காதே.

அப்புறம், அதைத் தூசு என்று நினைக்காதே. நானே காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறேன். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தையல்நாயகி

*

தஞ்சாவூர்
செப்டம்பர் 17, 2024

அண்ணி,

பெயர் வைத்த கதையைச் சொல்கிறேன். புரியாவிட்டால் இரண்டு முறை படியுங்கள்.

அறுபது வருடத்துக்கு முன்னால், வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில், பழ ஈக்களை வளர்த்த பெட்டியில் யாரோ தெரியாமல் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். சூடு பட்ட ஈயின் செல்லுக்குள் புதிதாக ஏதோ நடப்பது தெரிந்தது. அதைத் தேடிப் போய்க் கண்டுபிடித்த புரதங்களுக்கு வெப்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால்தான் தெரிந்தது, செல்லுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அவை சுரக்கும் என்று. பட்டினி, விஷம், கிருமி, எதுவானாலும். நம் ஊரில் புகையான் என்று ஒரு பூச்சி உண்டே. வயல் தீய்ந்த மாதிரி ஆவதால் அந்தப் பெயர். புகையான் விழுந்த வயலுக்கு யாராவது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்களா? அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். வண்டிக் கூலியையும் ஊராரிடம் வாங்குகிறார்.

அந்தப் புரதங்களின் வேலை, கோணிப்போன மற்ற புரதங்களைப் பிடித்து நிமிர்த்துவது, செல் செத்துவிடாமல் தாங்குவது. நல்ல வேலைதான். ஆனால் கர்ப்பப்பை வாயில் ஒரு வைரஸ் வந்து தங்கி, வருடக்கணக்கில் போகாமல் இருந்துவிட்டால், கெட்டுப்போன செல்லைச் சாகச் சொல்லும் காவலை அது அழித்துவிடுகிறது. அப்படிக் கெட்ட செல்லையும் இந்தப் புரதங்கள் அதே அக்கறையோடு தாங்கிப் பிடிக்கின்றன. யாரைக் காப்பாற்றுகிறோம் என்று அவை பார்ப்பதில்லை. நோய் முற்ற முற்ற அவை கூடுவதை நாங்கள் பார்க்கிறோம். அவை நோயை எவ்வளவு தூரம் வளர்க்கின்றன, எவ்வளவு தூரம் நோயால் வளர்கின்றன என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இதில் உடம்புச் சூட்டுக்கு இடமே இல்லை. உங்கள் சூரணம் வாய் வழியே போய், போகிற வழியே போகும்.

அண்ணனுக்கு இது புரியாமல் இல்லை. அவர் அவ்வளவு மக்கு அல்ல. சூடு என்றால் குற்றம் பெண்ணின் உடம்பில். கிருமி என்றால், அது எங்கிருந்து வந்தது என்று ஆம்பளையையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் அவருக்குச் சூடு அத்தனை பிடித்திருக்கிறது.

நீங்கள் எதற்காகக் குடிக்கிறீர்கள்? வெள்ளைப்படுதலா? மாதம் அல்லாத நாளில் ரத்தம் படுகிறதா? பதில் எழுதுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

செம்மொழி

*

குத்தாலம்
8.10.2024

செம்மொழிக்கு,

நீ கேட்ட கேள்வியை இவ்வளவு நாள் சமையலறை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய்.

சம்பா நடவு அன்று நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் ஏறியபோது பின்னால் வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி தன் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டினாள். "இன்னும் நிக்கலையாக்கா உனக்கு?" என்றாள். எனக்கு அது நின்று ஒரு வருடம் ஆகிறது. இது சித்திரையில் ஆரம்பித்தது. உன் அண்ணன் பக்கத்தில் வந்தாலும் படும். அவருக்குத் தெரியும். "சூடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறு வாரம் சூரணம் இடித்தார். முதல் பொட்டலம் எனக்குத்தான் மடித்தார். ஊருக்கு விற்றது அப்புறம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போனேன். கதவுக்குப் பதில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாய்க்கடி ஊசிக்கு ஆம்பளைகள் நிற்கிறார்கள். நர்ஸ் சத்தமாக, "காலை விரிச்சு வைம்மா, புள்ள பெத்தவதானே" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

நீ எத்தனையோ பெண்களின் சதைத் துணுக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்க்கிறாயாமே. அதில் ஒருத்திக்காவது பெயர் தெரியுமா உனக்கு? நம்பர்தானே போட்டிருக்கும்.

இப்போது நீ எழுதினதற்கு நீயே பதில் சொல். அந்த வைரஸ் எனக்கு எங்கிருந்து வந்தது? நான் வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. உன் அண்ணன் எங்கே போனார்?

தையல்நாயகி

*

தஞ்சாவூர்
அக்டோபர் 10, 2024

அண்ணி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. குடும்பம் நடத்துகிற ஆண் பெண் பெரும்பாலானவர்களுக்கு அந்த வைரஸ் எப்போதாவது வந்து போகிறது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்குகிறது. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்திருக்கலாம். அண்ணனைக் கேவலமாகப் பேச எனக்கு நூறு காரணம் இருக்கிறது. இதை அதில் சேர்க்க மாட்டேன்.

மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படுவதை ஆறு மாதமாக வைத்துக்கொண்டு, என்னிடம் பெயர் வைத்த கதையா கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

வரும் வியாழக்கிழமை காலை மருத்துவக் கல்லூரிக்கு வாருங்கள். அங்கே கதவு உண்டு. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஷமா பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். பச்சை துப்பட்டா போட்டிருப்பாள். சூரணத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள், மீன் செத்துவிடும்.

செம்மொழி

*

குத்தாலம்
6.11.2024

செம்மொழிக்கு,

போனேன். பச்சை துப்பட்டாவைப் பார்த்தேன், ஒதுங்கி வேறு வழியாகப் போய்விட்டேன். உன் தயவில் போய்ப் படுக்க எனக்கு இஷ்டமில்லை.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். உள்ளே பார்த்ததும், "ஏம்மா, இத்தன மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். சூரணம் குடித்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பொட்டலத்தில் உன் பெயர் இருக்கிறதே, உன்னை அங்கே எல்லாருக்கும் தெரியுமே என்றுதான்.

துணுக்கு எடுத்தார்கள். அப்புறம் ஒருத்தர் ஒரு தாளைக் கொண்டுவந்து, ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் கொடுக்கச் சம்மதமா என்றார். யார் ஆராய்ச்சி என்றேன். உன் பெயரைச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் உள்ளே இருப்பதை நீ கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம்.

முடிவு வந்துவிட்டது. புற்றுதான். இரண்டாம் கட்டமாம். கத்தி வைக்க முடியாது. கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள்.

கடையில் போய் உன் அண்ணனிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் படித்தார் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நேராகத்தான் பிடித்தார். கடைசிவரை படித்தார். "கரண்டு வைக்கிறதுன்னா சூடுதானே. இருக்குற சூட்டுல அதையும் ஏத்துனா உன் உடம்பு தாங்குமா? வேண்டாம் தையலு. நான் வேற மருந்து பாக்குறேன்" என்றார். தராசில் எடைபோட்டு முடித்ததையே மறுபடி எடைபோட்டார். பயம். அது தெரிந்ததும் அவர்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போய்விட்டது. பயப்பட வேண்டியவள் நானல்லவா? அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

தினமும் தஞ்சாவூர் போய்வர என்னால் முடியாது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கவில்லை. அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இதைத் தகவலுக்காக எழுதுகிறேன். கேட்பதாக நினைக்காதே.

தையல்நாயகி

*

தஞ்சாவூர்
நவம்பர் 9, 2024

அண்ணி,

நீங்கள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஆனால் என் வீடு நாளையிலிருந்து காலியாக இருக்கும். நான் ஷமா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே நாம் இருந்தால் உங்களுக்கு வாந்தி மருந்து கூடுதலாகத் தேவைப்படும். சாவி கீழ் வீட்டில் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் ஷமாவிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

கரண்டு வைத்தால் சூடு ஏறாது. கெட்ட செல்லின் உள்ளே இருக்கும் மரபணு எழுத்தை அது அறுக்கும். நான் சொன்ன புரதங்கள் அப்போதும் அந்தச் செல்லைத் தாங்கப் பார்க்கும். நல்ல செல் தேறவும் இடம் விட வேண்டும், அதனால்தான் ஒரே நாளில் முடிக்காமல், வாரக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டாலும் அதற்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அண்ணன் அழுதாலும், காலில் விழுந்தாலும் ஒரு நாளும் விடாதீர்கள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதது உங்கள் உரிமை. என்னைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் நேற்று ஆய்வகத்தில் வெகுநேரம் வேலை ஓடவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

செம்மொழி

*

உன் வீடு, தஞ்சாவூர்
19.1.2025

செம்மொழிக்கு,

இன்னும் நாலு முறைதான் பாக்கி. உள்ளே குழாய் வைத்துக் கரண்டு கொடுப்பதும் இரண்டு ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன். மற்றபடி உடம்பு பிழிந்துபோட்ட துணி. சோறு வாசனையே ஆகவில்லை. ஷமா கொண்டுவரும் கஞ்சிதான் இறங்குகிறது. அவள் உம்மா கூத்தாநல்லூரிலிருந்து வந்து வைத்துக் கொடுக்கிறார்களாம். உன் சமையலறையைப் பார்த்தேன். மனுஷி வாழ்கிற இடம் மாதிரி இல்லை. உளுந்து இல்லை, புளி இல்லை, பிஸ்கட் மட்டும் மூன்று டப்பா.

பொங்கல் கழித்து உன் அண்ணன் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "அறுப்பு நிக்குது, வீட்டுக்கு வா" என்றார்.

"அறுப்புக்கு மெஷின் வரும். நான் எதுக்கு?"

"ஊர்ல கேக்குறாங்க. என் பொண்டாட்டிக்கே என் மருந்து கேக்கலையான்னு."

"கேக்கலன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா கடை என்னாகும்?"

அப்போதுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நான் கதவைச் சாத்தினேன். பஸ் ஏறும்வரை அந்தத் தெருமுனையில்தான் உட்கார்ந்திருந்தாராம், கீழ் வீட்டுக்காரம்மா சொன்னாள்.

தமிழ்நிலா லீவுக்கு வந்தபோது ஷமாவோடு அனுப்பி முதல் ஊசியைப் போட்டாயிற்று. ஒழுக்கம் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. கணக்கில்தான் மதிப்பெண் குறைந்திருக்கிறது.

நேற்று நர்ஸ் கேட்டாள், உங்க வீட்டுப் பொம்பளைங்க மத்தவங்களும் இந்தப் பரிசோதனையப் பாத்துக்கிட்டாங்களா என்று. ஷமா, தான் இரண்டு முறை பார்த்தாயிற்று என்றாள். "செம்மொழி?" என்றேன். ஷமா கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள்.

நீ ஒருமுறைகூட போனதில்லையா?

தையல்நாயகி

*

ஷமா வீடு
ஜனவரி 20, 2025

அண்ணி,

என் உடம்பைப் பற்றி விசாரணை நடத்தவா உங்களுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்தேன்? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வயதில், என் நிலையில் எனக்கிருக்கும் ஆபத்து என்ன என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த டாக்டர்கள் எல்லாரும் என்னோடு கூட்டத்தில் உட்காருகிறவர்கள். அவர்கள் முன்னால் போய்ப் படுப்பது சரிப்படாது. வேலையும் அதிகம். பிறகு பார்த்துக்கொள்வேன்.

செம்மொழி

*

உன் வீடு
21.1.2025

செம்மொழி,

மூன்று காரணம் எழுதியிருக்கிறாய். குத்தாலத்துப் பெண்கள் கடையில் வந்து சொல்வதும் இதே மூன்றுதான். அவர்கள் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்வார்கள்.

கல்யாணம் ஆகவில்லை என்று எனக்கா எழுதுகிறாய்? அந்தப் பேராசிரியர் இரண்டு வருடம் உன் வீட்டுக்கு வந்து போனது உன் அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திவசத்தன்று அத்தனை கோபத்திலும் அதை நான் வாய் திறக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்.

நீ மேடையில் பேசினாய், பேப்பரில் வந்தாய், என்னைத் திட்டித் திட்டி அந்த மேசையில் படுக்க வைத்தாய். அதனால்தான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னை எனக்குப் பிடிக்காது. அதற்காகப் போய்ச் சேர் என்று விட முடியுமா?

ஏப்ரலில் எனக்கு மறுபரிசோதனை. அன்றைக்கு நீயும் வருகிறாய். நானும் உள்ளே நிற்பேன்.

தையல்நாயகி

*

தஞ்சாவூர்
ஏப்ரல் 24, 2025

அண்ணி,

உங்களுடைய ஸ்கேனைப் பற்றி டாக்டர் உங்களிடமே சொல்லியிருப்பார். கட்டி தெரியவில்லை. குணமாகிவிட்டது என்ற சொல்லை அவர்கள் ஐந்து வருடம் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துதான் ஆக வேண்டும்.

எனக்கும் முடிவு வந்துவிட்டது. ஒன்றுமில்லை.

சூரணத்தைப் பற்றி நான் அதிகாரிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கடைக்கு ஆள் வரும். அண்ணன் என் பெயரை மட்டும் மை பூசி மறைத்துவிட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். ஊருக்குத் திரும்பியதிலிருந்து நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து, வாங்க வருகிற பெண்களை "இத வாங்காத, தஞ்சாவூருக்குப் போ" என்று திருப்பி அனுப்புவதாக ஷமா சொன்னாள். ஒரே கடையில் ஒருவர் விற்கவும் ஒருவர் விரட்டவும் இருப்பது நம் குடும்பத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நேரில் சொல்லாததை எழுதிவிடுகிறேன். அந்தப் பரிசோதனை அறையைப் பற்றிப் பதினைந்து வருடமாகப் பேசியிருக்கிறேன். படுத்துப் பார்த்தால் மேற்கூரையில் ஒரு விசிறி, ஒரு பல்லி. டாக்டர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், அதனாலேயே கண்ணை மூடிக்கொண்டேன். "தளர்வா வச்சுக்குங்க மேடம்" என்றார். இதையே நான் எத்தனை கூட்டத்தில் சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போது அவர் உங்களைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நீங்கள், "இவ அண்ணன் பொண்டாட்டி. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. நீங்க பாருங்க" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடாதீங்கம்மா" என்று நர்ஸ் அதட்டினாள். சிரிப்பில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. அதை நீங்கள் பிடித்திருந்தீர்கள்.

செம்மொழி